முதல் உகியோ-எ வாங்கும் முன்: தாள், விலை, ரசீது, சுங்கம்

உகியோ-எ என்றால் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பழைய ஜப்பானியப் படம். அதில் பெயர்பெற்ற ஓவியரான ஹொகுசாயின் பேரலைப் படம் வேண்டும் என்றால் தோக்கியோவில் இன்றைக்கே வாங்கிவிடலாம். மெஜிரோ பக்கம் இருக்கும் அடாச்சி நிறுவனம் பழைய முறைப்படியே புதிதாகக் கட்டை செதுக்கி, கையால் அச்சிட்டு விற்கிறது. சில பத்தாயிரம் யென்னுக்குள் வேலை முடிந்துவிடும். அதே படத்தின் பழைய அச்சு ஒன்று 2023 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 27.6 லட்சம் டாலருக்குப் போனது. அலை அதேதான், பின்னால் தெரியும் ஃபூஜி மலையும் அதேதான். அந்தத் தாள் எப்போது அச்சானது என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் பணத்தை எடுக்காதீர்கள். அரைகுறை ஜப்பானிய மொழியோடு கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்த விவரங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். விலைகள் எல்லாம் தோராயம். கணக்குக்கு 100 யென்னை 55–60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வகை என்று முடிவெடுங்கள்

கடையில் மரக்கட்டை அச்சு என்ற ஒரே பெயரில் நான்கு வேறு சரக்குகள் இருக்கும்.

முதலாவது, எடோ, மெய்ஜி காலத்து (17-ஆம் நூற்றாண்டு முதல் 1912 வரை) பழைய உகியோ-எ. பெரிய பெயர்களை விட்டுவிட்டால் இது பலர் நினைப்பதைவிட மலிவு. குனிசாதா, குனிச்சிகா வரைந்த கபுகி நாடக நடிகர் படங்கள் 5,000 முதல் 20,000 யென்னுக்குள் தாராளமாகக் கிடைக்கின்றன. சிகனோபுவின் மூன்று தாள் தொகுப்பு ஒன்றை 20,000 முதல் 60,000 யென்னுக்குள் எடுக்கலாம். ஹிரோஷிகேயின் பெயர்பெற்ற நிலக்காட்சி நல்ல அச்சாக வேண்டும் என்றால் பேச்சு லட்சங்களில்தான் தொடங்கும்.

இரண்டாவது, ஷின்-ஹங்கா. இருபதாம் நூற்றாண்டில் வதனபே ஷோசபுரோ போன்ற வெளியீட்டாளர்கள் கொண்டுவந்தது. கவாசே ஹசுய், யோஷிதா ஹிரோஷி இருவரும் இதில் முக்கியம். ஒரே ஹசுய் படம் பிற்கால அச்சென்றால் சில பத்தாயிரம் யென், அவர் உயிரோடிருந்த காலத்து முதல் அச்சென்றால் பல லட்சம். 1923 செப்டம்பரில் தோக்கியோவைத் தாக்கிய நிலநடுக்கத்தின் தீயில் வதனபேயின் கட்டைகளும் கையிருப்பும் எரிந்துபோனதால், அதற்கு முந்தைய படங்கள் அரிது, விலையும் அதற்கேற்ப.

மூன்றாவது, ஃபுக்கொகு. பழைய படத்தைப் பார்த்துப் புதிதாகச் செதுக்கிய கட்டையில் கையால் அச்சிட்டது. அடாச்சி, தகமிசாவா, கியோத்தோவின் உன்சோதோ ஆகியவை இதில் பெயர் வாங்கியவை. இதை வாங்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை. சுவரில் மாட்டி ரசிக்க மட்டும் என்றால் நான் இதையே சொல்வேன். பழையது என்று சொல்லி விற்றால் மட்டும்தான் வம்பு.

நான்காவது, ஆஃப்செட் அச்சு. இயந்திரத்தில் அடித்தது, சும்மா போஸ்டர்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை: மங்கிப்போன ஹிரோஷிகேக்கு ஒரு லட்சம் யென் கொடுப்பதைவிட, நிறம் கெடாத குனிச்சிகாவுக்கு 15,000 கொடுங்கள். பெயருக்கு ஆசைப்பட்டு ஓய்ந்த தாளை வாங்கியவர்கள் அதை விற்கும்போதுதான் முழிப்பார்கள்.

2. தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வாங்காவிட்டாலும் பரவாயில்லை, முதல் சில வாரம் பார்ப்பதற்காகவே கடைக்குப் போங்கள். தோக்கியோவில் ஹராஜுகுவின் ஓதா நினைவு அருங்காட்சியகம், ரியோகோகு பக்கம் இருக்கும் சுமிதா ஹொகுசாய் அருங்காட்சியகம் இரண்டையும் பார்த்துவிட்டுப் போனால் நல்ல நிறம் எது என்று கண் பழகியிருக்கும்.

கடையில் படம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். நீங்களே உருவாதீர்கள். "உரா மோ மிசெத்தே குதசாய்" என்று கேளுங்கள், பின்பக்கத்தையும் காட்டுங்கள் என்று அர்த்தம். இதைக் கேட்ட உடனே பல கடைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பின்பக்கம்தான் விஷயம். கையால் அச்சிட்ட தாளில் நிறம் நாருக்குள் ஊறிப் பின்னால் தெரியும். அடர்ந்த நீலமோ கறுப்போ இருக்கும் இடத்தில், அச்சுக்காரர் பாரென் என்ற தட்டை வைத்துத் தேய்த்த வட்ட வட்டமான தடம் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகள் தாளில் லேசாகக் குழிந்திருப்பது தெரியும். சில படங்களில் மை இல்லாமலே அழுத்திய புடைப்பு வேலை இருக்கும், கிமோனோவின் வெள்ளைப் பகுதியிலும் பனியிலும் தேடுங்கள். தலைக்கு நேரே எரியும் விளக்கில் இது கண்ணுக்கே படாது.

அப்புறம், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட். புள்ளி இல்லை என்பதால் பழையது என்று ஆகிவிடாது. கொலோடைப் என்ற பழைய புகைப்பட அச்சு முறையில் எடுத்த நகல்களில் இந்த ஒழுங்கான புள்ளி இருக்காது. கோட்டின் ஓரம் சீராக இல்லாமல் பொடிப்பொடியாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். தேநீர்ச் சாயம் ஏற்றிப் பழுப்பாக்கிய நகல்களும் சந்தையில் உண்டு. உண்மையான பழுப்பு ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். சாயம் தாள் முழுக்க ஒரே சீராக ஏறியிருக்கும்.

ஒரு சின்ன அளவுநாடாவும் வேண்டும். ஓபான் என்ற வழக்கமான அளவு ஏறத்தாழ 39-க்கு 26 சென்டிமீட்டர். ஓபான் என்று சொல்லும் படம் 35-க்கு 23 என்று வந்தால் யாரோ ஓரத்தை வெட்டியிருக்கலாம். அந்த ஓரத்தில்தான் வெளியீட்டாளர் பெயரோ நகல் என்ற குறிப்போ இருந்திருக்கலாம்.

3. முத்திரையைப் படியுங்கள், ஆனால் முழுக்க நம்பாதீர்கள்

பழைய படங்களில் ஓவியர் கையெழுத்து, வெளியீட்டாளர் முத்திரை, தணிக்கை முத்திரை மூன்றும் இருக்கும். காலத்தைச் சொல்வது தணிக்கை முத்திரை. 1790 வாக்கில் தொடங்கி 1842 வரை கிவாமே என்ற ஒற்றை எழுத்து வட்ட முத்திரை. 1843-க்குப் பிறகு தணிக்கை செய்த நகரப் பெரியவரின் பெயர் முத்திரை வருகிறது. 1847 வரை ஒன்று, அப்புறம் 1852 வரை இரண்டு அருகருகே. 1852-இல் ஆண்டும் மாதமும் சொல்லும் முத்திரை சேர்ந்துகொள்கிறது. 1875-இல் இந்த முறை ஒழிந்த பிறகு, தேதியும் வெளியீட்டாளர் முகவரியும் ஓரத்திலேயே அச்சாகின்றன.

ஆண்டு முத்திரையில் எண் தேடாதீர்கள், பன்னிரண்டு விலங்குகளில் ஒன்றின் பெயர் இருக்கும். ஹிரோஷிகேயின் எடோ நூறு காட்சிகள் வரிசையில் டிராகன் என்றிருந்தால் 1856, பாம்பு என்றால் 1857, குதிரை என்றால் 1858.

இனி பொறி. இந்தத் தேதி அச்சிட அனுமதி கிடைத்த தேதி, உங்கள் கையில் இருக்கும் தாள் அச்சான தேதி அல்ல. படம் நன்றாக விற்றால் அதே கட்டையை வைத்துப் பல வருஷம் அச்சிட்டுக்கொண்டே இருப்பார்கள், முத்திரை மாறாது. முதலில் அடித்ததை ஷோசுரி என்றும், பிறகு அடித்ததை அதோசுரி என்றும் கடையில் சொல்வார்கள். ஃபுக்கொகு செதுக்குபவர்களும் முத்திரையைச் சேர்த்தே செதுக்கிவிடுவார்கள்.

ஆக, ஒப்பிடுவதுதான் வழி. பிரிட்டிஷ் மியூசியம், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இரண்டும் தங்கள் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. உகியோ-எ டாட் ஆர்க் தளத்தில் நீங்கள் எடுத்த புகைப்படத்தை ஏற்றினால், பல அருங்காட்சியகங்களில் இருக்கும் அதே படத்தின் பிரதிகளை வரிசையாகக் காட்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு இடம் பாருங்கள். படத்தைச் சுற்றியுள்ள சட்டக் கோட்டின் மூலைகள் எங்கே உடைந்திருக்கின்றன? முகத்தின் மெல்லிய கோடும் முடியின் நுனியும் கூர்மையாக இருக்கின்றனவா? வானத்தில் நிறம் மெல்ல மெல்ல மங்கும் பொகாஷி இருக்கிறதா, இல்லை ஒரே பட்டையாக இருக்கிறதா? தலைப்புப் பெட்டியில் எத்தனை நிறம்? பிற்கால அச்சுகளில் செலவைக் குறைக்க பொகாஷியைத்தான் முதலில் கைவிடுவார்கள். கோடு ஒன்றுகூட அப்படியே பொருந்தாமல் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் விலகினால், அது வேறு கட்டை.

ஷின்-ஹங்காவில் ஓர முத்திரைதான் எல்லாம். வதனபே வெளியீடு என்றால் முத்திரையின் வடிவமும் அளவும் காலத்துக்குக் காலம் மாறின. கடைக்காரரிடம் எந்தக் காலத்து முத்திரை என்று நேராகக் கேளுங்கள். யோஷிதா ஹிரோஷியின் படம் என்றால் இடது ஓரத்தில் ஜிசுரி என்ற முத்திரையும், கீழே பென்சில் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிசுரி என்றால் அவர் மேற்பார்வையில் அச்சானது. அவர் இறந்த பிறகு அச்சிட்டவற்றில் பென்சில் கையெழுத்து இருக்காது. நம்மவர்களுக்கு ஒரு தனி ஆசை வரும்: 1930-களின் தொடக்கத்தில் இந்தியப் பயணத்தை வைத்து அவர் செய்த வரிசையில் மதுரைக் கோயிலும் உண்டு. கண்ணில் பட்டால் மனசு துள்ளும். துள்ளட்டும், ஜிசுரியைப் பார்த்த பிறகு துள்ளட்டும்.

4. பழுதுகளுக்கு எவ்வளவு குறைக்கலாம்

சின்னப் புழுத்துளை, நடுவில் ஒரு மடிப்பு, ஓரத்தில் லேசான கறை: இவை சகஜம், விலையில் கொஞ்சம் குறையும், பயப்பட வேண்டாம். நிறம் மங்கியதுதான் பெரிய நஷ்டம், அதற்கு வைத்தியமே இல்லை. குசும்பாப்பூச் சிவப்பும் பழைய பூ நீலமும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். ஊதாவாக இருந்த துணி பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

பின்னால் வேறு தாள் ஒட்டியிருப்பதை உராஉச்சி என்பார்கள். ஓட்டையையும் கிழிசலையும் அது மறைக்கும், பின்பக்கம் பார்க்கும் வாய்ப்பும் போச்சு. விலை குறைத்துக் கேளுங்கள். இன்னொன்று, மூன்று தாள் தொகுப்பிலிருந்து பிரிந்த ஒற்றைத் தாளைத் தனிப்படமாக விற்பார்கள். யாராவது படத்துக்கு வெளியே முறைத்துக்கொண்டிருந்தாலோ, பாதிப் படகு ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்றாலோ, மீதி எங்கே என்று கேளுங்கள்.

5. எங்கே, எப்போது வாங்குவது

முதல் படத்தைக் கடையில் வாங்குங்கள். தோக்கியோவில் ஜிம்போச்சோ பழைய புத்தகத் தெருதான் மையம். மிதா, ஷின்ஜுகு, ஹன்சோமோன் மூன்று சுரங்க ரயில் தடங்களும் அங்கே நிற்கும். ஹரா ஷோபோ, ஓயா ஷோபோ, யமதா ஷோதென் ஆகியவை நீண்ட காலமாக இந்தத் தொழிலில் இருப்பவை. ஹசுய் போன்றவர்களின் படங்களுக்கு கின்சாவில் இருக்கும் வதனபே கடைக்கே போகலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், மதியத்துக்கு முன்னால் போனாலும் சில கடை திறந்திருக்காது. அக்டோபர் கடைசியில் தொடங்கும் கண்டா பழைய புத்தகத் திருவிழாவின்போது தெருவில் கால்வைக்க இடமிருக்காது. நிதானமாகக் கேட்டுப் பார்க்க அது ஏற்ற நேரமில்லை.

கியோத்தோவில் மாதம் 21-ஆம் தேதி தோஜி கோயில் சந்தையும், 25-ஆம் தேதி கிதானோ தென்மாங்கு சந்தையும் கூடும். வேடிக்கைக்குப் போங்கள். 1,000 யென் படம் எடுத்தால் நஷ்டமில்லை, 30,000 யென் படத்தை அங்கே எடுக்காதீர்கள். அடுத்த மாதம் அந்த ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது.

பேரம் பற்றி: நம் ஊர் போல பாதி விலைக்குக் கேட்டால் பேச்சே முடிந்துவிடும். இரண்டு, மூன்று படம் சேர்த்து எடுக்கும்போது கொஞ்சம் குறையுமா என்று கேட்பது வழக்கத்தில் உண்டு. யோசிக்க நேரம் வேண்டும் என்றால் தோரிஒகி, அதாவது எடுத்துவைக்கச் சொல்லலாம். சொன்ன நாளில் போய்விடுங்கள்.

சுற்றுலாவாக வந்தவர்கள் பாஸ்போர்ட் கொண்டுபோங்கள். வரிவிலக்குக் கடையாக இருந்து, வரி நீங்கலாக 5,000 யென்னோ அதற்கு மேலோ வாங்கினால் 10 சதவீத நுகர்வு வரி கழியும். 2026 நவம்பர் 1 முதல் இந்த முறை மாறுகிறது. வரியோடு பணம் கட்டி, நாட்டை விட்டுப் புறப்படும்போது சுங்கத்தில் காட்டிய பிறகே திரும்பக் கிடைக்கும். ஆக, இந்தச் சலுகையில் வாங்கிய படத்தைத் தபாலில் அனுப்பாமல் கையோடு எடுத்துப் போங்கள். ஜப்பானில் வசிப்பவர்களுக்கு இது பொருந்தாது.

6. இணைய ஏலம்

யாஹூ ஏலம்தான் பெரியது. வெளிநாட்டிலிருந்து வாங்க பையீ, சென்மார்க்கெட் போன்ற இடைத்தரகுச் சேவைகள் வேண்டும். விற்பவரின் விவரத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஃபுக்கொகு, ஃபுகுசெய், அதோசுரி என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் இரண்டும் நகல். இந்தச் சொற்கள் இல்லாமல், "பழைய வீட்டில் கிடைத்தது, எனக்கு விவரம் தெரியாது" என்று எழுதியிருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். விவரம் தெரிந்தேதான் அப்படி எழுதுகிறார்கள். புகார் இல்லை, திருப்பி எடுப்பதில்லை என்ற வரியும் கூடவே இருக்கும்.

செலவைக் கூட்டிப் பாருங்கள்: ஏல விலை, சேவைக் கட்டணம், உள்நாட்டுத் தபால், கட்டு போடும் கட்டணம், பன்னாட்டுத் தபால், உங்கள் நாட்டு வரி. 8,000 யென் படம் வீடு வந்து சேரும்போது 14,000 யென்னைத் தொட்டால் ஆச்சரியமில்லை. நாலைந்து படம் சேர்ந்த பிறகு ஒரே கட்டாக அனுப்பச் சொன்னால் மிச்சமாகும், ஆனால் கிடங்கில் இலவசமாக வைத்திருக்கும் நாட்களுக்குக் கெடு உண்டு. இன்னொரு விஷயம், கடைசி நொடியில் கேட்டு ஜெயிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல ஏலங்களில் கடைசி ஐந்து நிமிஷத்தில் யாராவது விலை கேட்டால் நேரம் தானாக நீளும். உங்கள் உச்ச விலையை முன்பே எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

7. ரசீதும் மற்றக் காகிதங்களும்

வெறும் கல்லாச் சீட்டு போதாது. ரியோஷூஷோ என்ற ரசீது கேளுங்கள். அதில் படம் என்று மட்டும் எழுதாமல் ஓவியர், தலைப்பு, வெளியீட்டாளர், வெளியான ஆண்டு, ஷோசுரியா அதோசுரியா, பழுதுகள், விலை எல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடை தயங்காது. நகல் என்று பிறகு தெரிந்தால் பணம் திரும்புமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஜப்பானில் பழைய பொருள் விற்பவர்களுக்கு கோபுத்சு-ஷோ என்ற உரிமம் வேண்டும். அந்தந்த மாகாணத்தின் பொதுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கும் 12 இலக்க எண் கடையிலும் இணையதளத்திலும் இருக்க வேண்டும். எண் இல்லாத இணையக் கடையில் நான் வாங்குவதில்லை. ஜப்பானில் வசிக்கும் நீங்களே வாங்கி விற்க ஆரம்பித்தால் உங்களுக்கும் இது வேண்டும். காவல் நிலையத்தில் விண்ணப்பம், 19,000 யென் கட்டணம். சொந்தமாக வைத்திருந்த படத்தை எப்போதாவது விற்பது இதில் வராது.

8. கையால் வரைந்த ஓவியங்களும் சுருள்களும்

நிகுஹித்சு என்ற கைவரை ஓவியத்தில் ஒப்பிட இன்னொரு பிரதி இருக்காது. இதில் பெரிய அறிஞர்களே ஏமாந்திருக்கிறார்கள், 1934-இல் வெடித்த ஷுன்போஆன் போலி ஓவிய விவகாரம் அதற்குச் சாட்சி. முதல் வருஷம் பெரிய பெயர் போட்ட ஓவியம் பக்கமே போகாதீர்கள். ஓவியத்தை வைத்திருக்கும் மரப்பெட்டி பழையது, பெட்டியில் எழுத்தும் பழையது என்பார்கள். பெட்டியையும் படத்தையும் வேறு வேறு இடத்திலிருந்து சேர்த்துவிட முடியும். அழகுக்காக ஒரு காகேஜிகு, அதாவது தொங்கு சுருள், வேண்டும் என்றால் பெயர் தெரியாத ஓவியரின் கொக்கோ மூங்கிலோ வாங்குங்கள். வாங்கும் முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள், பட்டுத் துணியில் அச்சிட்ட சுருள்கள் ஏராளம்.

சுருளின் கீழ்த்தண்டு நுனியில் குமிழ் இருக்கும். பழைய சுருள்களில் அது யானைத் தந்தமாக இருக்கலாம். தந்தம் என்றால் எல்லை தாண்ட முடியாது, இந்தியாவில் வனவிலங்குச் சட்டமும் குறுக்கே நிற்கும். சுருளோடு சேர்த்துப் பறிபோகும். மரக் குமிழாக மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றியதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

9. அனுப்புவதும் சுங்கமும்

குழாயில் சுருட்டி அனுப்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு தடித்த அட்டைக்கு நடுவே, நீர்புகா உறையில், தட்டையாக வர வேண்டும். காப்பீடு படத்தின் முழு விலைக்கு. சாதாரண அச்சுப் படத்துக்கு ஜப்பான் அரசின் தனி அனுமதி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. பழைய கைவரை ஓவியம், புத்தர் சிலை மாதிரி என்றால் அது நாட்டின் காப்புப் பட்டியலில் இல்லை என்று பண்பாட்டு முகமையின் சான்று கேட்கப்படலாம். கடைக்காரரே வாங்கித் தருவாரா, எவ்வளவு நாளாகும் என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

இந்தியாவுக்கு அனுப்பினால் கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்கும், ஆதாரோ பாஸ்போர்ட்டோ தயாராக வைத்திருங்கள். பட்டியலில் மரக்கட்டை அச்சு, கையால் அச்சிட்டது, ஆண்டு, விலை என்று தெளிவாக இருக்கட்டும். மூல அச்சுப் படங்களுக்கான சுங்கத் தலைப்பு 9702. ஆஃப்செட் நகல் 4911-இல் போகும். இரண்டுக்கும் வரி வேறு, அனுப்பும் வாரத்து விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். "அன்பளிப்பு என்று போட்டுவிடட்டுமா?" என்று விற்பவர் கேட்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். தபாலில் வரும் அன்பளிப்புக்கு இருந்த பொதுவான விலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. விலை குறைத்துக் காட்டினால், தொலைந்தால் கிடைக்கும் காப்பீட்டுத் தொகையும் அந்தக் குறைந்த விலைதான்.

வேலைக்காக நாடு மாறுபவர்கள் இதைக் கவனியுங்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டு கடந்த ஓவியத்தையும் கைவினைப் பொருளையும் தொல்பொருள் என்கிறது, அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1860-இல் அச்சான ஜப்பானியப் படத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டு, மூன்று வருஷம் கழித்துச் சிங்கப்பூருக்கு மாறும்போது கையோடு எடுத்துப் போக நினைத்தால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இறக்குமதிக் காகிதங்களையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், கிளம்பும் பல வாரம் முன்பே தொல்லியல் துறையிடம் விசாரியுங்கள். அடிக்கடி நாடு மாறும் ஆளாக இருந்தால் நூறு வயது ஆகாத ஷின்-ஹங்கா வாங்குவதே நிம்மதி.

10. வீட்டில்

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் ஈரப்பதத்தில் இந்தத் தாள்களுக்குப் பூஞ்சைப் புள்ளி வரும், ராமபாணப் பூச்சியும் வரும். சமையலறைச் சுவர், வெளிச்சுவர், வெயில் விழும் சுவர் மூன்றும் கூடாது. ஒரு படத்தை இரண்டு, மூன்று மாதம் மாட்டிவிட்டு, இருட்டில் வைத்து, வேறொன்றை மாட்டுங்கள்.

பிரேம் போடும் கடையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வழக்கமாக அவர்கள் பசை தடவி அட்டையில் ஒட்டுவார்கள், இல்லை என்றால் செலோடேப். இரண்டுமே தாளை நாசமாக்கும். அமிலமில்லாத மவுண்ட் அட்டை, மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் வைத்த இரண்டு கீல்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி. இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். மாட்டாத படங்களை அமிலமில்லாத உறையில் தட்டையாக வையுங்கள், பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து, பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மழைக்காலம் என்றால் மாதம் ஒருமுறை.